ஐந்து மணி நேரப் பயணம்

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் நலம் நீ எழுதினால்தானே தெரியும்! போனில் நீ பேசுவது என் காதில் விழுவதில்லை, அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். அம்மாவுக்கு ஏப்ரல் 28 அன்று முட்டி ஆபரேஷன். "அஞ்சு நாள்தான் லீவு, வழியிலேயே ரெண்டு நாள் போயிடும்" என்று அவளிடம் சொன்னாயாமே. யார் காதில் பூ சுற்றுகிறாய்? மூன்று வருஷம் முன்பு நீ வந்த டிக்கெட் என் அலமாரியில்தான் இருக்கிறது. காலை எட்டுக்குக் கிளம்பி, அதே நாள் மதியம் ஒன்றுக்கு இறங்கியிருக்கிறாய். ஐந்தே மணி நேரம்! முப்பத்திரண்டு வருஷம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு இதைக் கழிக்கத் தெரியாதா? வர மனசில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு.

அப்பா

மார்ச் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். கிளம்பியது எங்கள் ஊர்க் கடிகாரத்தில், இறங்கியது உங்கள் ஊர்க் கடிகாரத்தில். நான் இருப்பது உலகத்தின் கிழக்குக் கோடி, நீங்கள் குடியேறியிருப்பது மேற்குக் கோடி; இங்கே விடிந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அங்கே விடிகிறது. பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் அப்பா! அதை ஐந்து மணி நேரத்தில் கடக்கிற விமானம் இருந்தால் சொல்லுங்கள், தினமும் வந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு என்னைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நான் திரும்பிப் போன தாளையும் பாருங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 24

மகளே,

பார்த்தேன். திங்கள் இரவு எட்டுக்குக் கிளம்பி, புதன் அதிகாலை ஒன்றுக்குச் சேர்ந்திருக்கிறாய். வர ஐந்து, போக இருபத்தொன்பது! ஏன், போகும்போது வழியெல்லாம் மேடா? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு டிப்போ பழக்கத்தில் போகவர இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன். பதினேழு. வரும்போது கடிகாரத்தில் பன்னிரண்டு குறைந்திருக்கிறது, போகும்போது அதே பன்னிரண்டு கூடியிருக்கிறது. "அதைத்தானே அவ ஒரு மாசமா கத்திக்கிட்டிருக்கா!" என்று அம்மா கரண்டியோடு வந்தாள்.

கணக்கு என்னுடையதுதான் தப்பு. மனசில்லாதவள் என்று எழுதியதும் தப்பு. இவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வரவேண்டாம். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா

ஏப்ரல் 4

அப்பா,

உங்களோடு பெரிய ரோதனை. சண்டை போட்டால் பதிலுக்குப் போடலாம், இப்படி இறங்கி வந்தால் நான் என்ன செய்வேன்?

உண்மையைச் சொல்கிறேன். பதினேழு மணி நேரம் ஒரு சாக்கு. எனக்கு வர மனசில்லைதான். போன முறை நான் வந்து டாக்சியிலிருந்து பெட்டியைக்கூட இறக்கவில்லை, அதற்குள் நீங்கள் வாசலில் நின்று, "திரும்ப எப்ப?" என்று கேட்டீர்கள். நான் இருந்த ஒன்பது நாளும் காலையில் அதே கேள்வி. யாருக்கும் வேண்டாதவளாக அங்கே இருந்தேன். இங்கே வந்து ரொம்ப நாள் அழுதேன்.

டிக்கெட் போட்டுவிட்டேன். 26 மதியம் வருகிறேன். அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.

மகள்

ஏப்ரல் 14

என் தங்கத்துக்கு,

அடிப்பாவி, மூன்று வருஷமாக இதையா மனதில் வைத்திருந்தாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? உன்னைத் துரத்தவா கேட்டேன்? இன்னும் எத்தனை நாள் என் கண் முன்னால் இருப்பாய் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒன்று குறைந்தது, எனக்குத் தாங்கவில்லை. அதைச் சொல்லத் தெரியாத மடையன் நான்.

26 அன்று வாசலில் நிற்பேன். போகிற தேதியை அம்மாவிடம் மட்டும் சொல். எனக்குச் சொல்லாதே.

அப்பா