கருவாட்டுத் தட்டியில் காய்ந்த புத்தகங்கள்

மிஸ், நேற்று இளைய பேத்தி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டு வந்தாள். அவள் அதை விரித்ததும் மகன் அடுக்களைப் பக்கம் பார்த்து, இன்றைக்குக் கருவாடா என்று கேட்டான். நான் புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தேன். வெள்ளத்தில் நனைந்த புத்தகம். முதுகில் என் தையல். நீங்கள் போய்விட்டீர்கள், அந்த மணம் போகவில்லை.

எங்கள் குடியிருப்புக்கு உங்களுக்கு முன் வந்தவர்கள் எல்லாரும் படிவத்தோடு வந்தவர்கள். எந்த ஊர், எத்தனை பேர், என்னென்ன இழந்தீர்கள். சண்டை முடிந்த பிறகும் அதே கேள்விதான். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் எல்லாரையும் துரத்தியபோது மன்னாரிலிருந்து வந்தவள் நான். இங்கேயே பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துப் பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டேன். ஆனாலும் இந்த ஊர்ப் பாலாவிச் சந்தியில் என் பெயர் அகதிதான். நீங்கள் வந்து கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்தீர்கள். எதையும் கேட்கவில்லை. கொடியில் கிடந்த மூத்த பேத்தியின் பள்ளிச் சட்டையை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தீர்கள்.

"இது ஆர் தைச்சது?"

"நான்தான்."

"எங்கட லைப்ரரியில கிழிஞ்ச புத்தகம் குவிஞ்சு கிடக்கு, ராத்தா. சம்பளம் இல்ல. ஆனா வந்தா உங்கள சும்மா இருக்க விடமாட்டன்."

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவளை நூலகத்துக்குக் கூப்பிட ஒரு துணிச்சல் வேண்டும். அதைவிட, யாரிடம் என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. இளைப்பாறிய கிளாக்கர் ஒருவர் எல்லாரையும் மேற்பார்க்க என்று வெள்ளைச் சட்டையோடு வந்தாரே, அவருடைய குரலைக் கேட்டுவிட்டு, கண் மங்கிய கிழவர்களுக்குப் பேப்பர் வாசிக்க இருத்தினீர்கள். மேற்பார்வை என்ற கதையையே அவர் பிறகு எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு கதிரை. வர முடியாவிட்டால் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த நாளில் அந்தக் கதிரையில் வேறு யாரையும் இருக்க விடமாட்டீர்கள். செவ்வாய்க்கிழமை என்னுடையது. இந்த ஊரில் எனக்கென்று வைத்திருந்த முதல் இடம் அதுதான்.

பிறகு வெள்ளம் வந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப் போயின. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. நீங்கள் தவணை கேட்டீர்கள். மறுநாள் கருவாடு காய வைக்கும் ஒருத்தியைக் கூட்டி வந்தீர்கள். ஈரத்தையும் காற்றையும் அறிந்தவள் என்றீர்கள்.

அவள் சபீனா.

நாங்கள் வந்து இறங்கிய அன்று இந்த ஊர்ச் சனம் சோறு தந்தது, பாய் தந்தது. இல்லை என்று சொன்னால் அல்லாஹ் கேட்பான். ஆனால் சபீனா தன் வீட்டுக் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே கொண்டு போனவள். என் மகனுக்குக் காய்ச்சல். வாளியோடு நின்றேன். அவள் கயிற்றைக் கையில் சுற்றியபடி நடந்து போன அந்த முதுகை நான் மறக்கவில்லை.

அவள் புத்தகங்களைத் தன் வாடிக் கொட்டிலுக்குக் கொண்டு போய்க் கருவாட்டுத் தட்டிகளில் பரப்பினாள். நிழல் பார்த்து, காற்றுப் பார்த்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் காய வைத்தாள். எல்லாம் காய்ந்தது. தட்டிகளைக் கழுவ வேண்டும் என்ற நினைப்பு மட்டும் அவளுக்கு வரவில்லை. கீரி மீன் காய்ந்த தட்டி அவளுக்குச் சுத்தமான தட்டிதான். புத்தகங்கள் திரும்பி வந்த அன்று சந்தைப் பூனைகள் நூலக வாசலில் வந்து குந்தின. கிளாக்கர் மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு பேப்பர் வாசித்தார்.

எனக்கு உள்ளுக்குள் பெருநாள். இன்றோடு இவள் தொலைந்தாள் என்று நினைத்தேன். நீங்கள் ஒரு புத்தகத்தை முகர்ந்துவிட்டு, மீன் வளர்ப்புப் புத்தகங்களை மட்டும் அங்கே அனுப்பியிருக்கலாம் என்றீர்கள். சபீனாதான் முதலில் சிரித்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. உங்களைத் தனியே கூப்பிட்டுக் கிணற்றுக் கதையைச் சொன்னேன். அவள் இருந்தால் நான் இல்லை என்றேன். நீங்கள் சரி என்றிருந்தால் செவ்வாய்க்கிழமையும் போயிருக்கும், கதிரையும் போயிருக்கும். நான் மறுபடி அகதி.

நீங்கள் சமாதானம் பேசவில்லை. அவள் பக்க நியாயமும் சொல்லவில்லை.

"அவவோட கதைக்கச் சொல்லமாட்டன், ராத்தா. மன்னிக்கவும் சொல்லமாட்டன், அது உங்கட உரிமை. ஆனா காயாதத தைக்க ஏலாது. தைக்காதத வாசிக்கக் குடுக்க ஏலாது. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

பிறகு அவளுக்கும் செவ்வாய்க்கிழமையே கொடுத்தீர்கள். அதுவும் என் மேசையிலேயே. என்ன பொம்பளை இது என்று வீட்டுக்கு வந்து திட்டினேன். ஆனால் போனேன். அவள் காய்ந்த தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளுவாள். நான் தைத்து அவள் பக்கம் தள்ளுவேன். ஒரு வார்த்தை இல்லை. கொட்டச் சொன்ன புத்தகங்கள் ஒவ்வொன்றாக அலுமாரிக்கு ஏறின. அதிகாரத்தால் ஆட்களை ஆட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளம் கொடுக்காமல், சத்தம் போடாமல், இரண்டு பகைகளை ஒரு நூலின் இரு முனையிலும் இருத்தியவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் மௌத்தான செய்தி வந்ததும் உங்கள் ஊருக்குச் சிலாபம் பஸ் ஏறினேன். காலியாக இருந்தது ஒரே ஓர் இடம், சபீனாவுக்குப் பக்கத்தில். அதிலேயே இருந்தேன். உங்கள் வீட்டு முற்றத்தில் உங்கள் தங்கச்சி அழுத கண்ணோடு வந்து, முக்காட்டோடு நின்ற எங்களைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

"நாங்க மிஸ்ஸிட லைப்ரரி ஆக்கள்," என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. சபீனா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அந்தக் கயிற்றை நான் மன்னிக்கவில்லை, மிஸ், மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அன்று நாங்கள் என்று சொன்னேன். அதை இன்றுவரை திருப்பி எடுக்கவில்லை.