முடிக்கவிடாத வாக்கியம்

என் அக்கா பெற்ற மகாராணிக்கு,

யாருமே நம்பாத கதை இது, சத்தியம். என்னை மாதிரி கவுன்சலர்களுக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர் உண்டே, அந்த அம்மாள் நேற்று என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணோடு நான் பேசிய ஒலிப்பதிவை ஓடவிட்டார். என் குரலைக் கேட்டு ஜன்னல்கள் கைதட்டின, மின்விசிறி மயங்கி விழுந்தது!

"சார், இந்தப் பொண்ணு ஒரு வாக்கியமாவது முடிச்சாளா?"

மறுபடி போட்டுக் கேட்டேன். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் நான் ஜோக்கடிக்கிறேன். சிரிப்பதும் நான் மட்டும்தான். வெலவெலத்துப் போனேன்.

போன வாரம் போனில், "மாமா, இந்த வீட்ல எனக்கு..." என்று நீ தொடங்கியதும் உன் புருஷனின் தொப்பையைக் கிண்டலடித்தேன். வைத்துவிட்டாய். அப்புறம் எடுக்கவே இல்லை.

மீதியைச் சொல்லு தாயே. குறுக்கே பேச மாட்டேன்.

ஜன்னலும் மின்விசிறியும் புளுகு. வெலவெலத்தது மட்டும் நிஜம்.

உன் புளுகுமூட்டை மாமா