பொத்திய கையளவு

லிங்கநகர்,
திருகோணமலை.
ஆடி, கடைசி வெள்ளி.

அன்பு மகன் டிலக்சனுக்கு,

நீயும் துஷாந்தியும் அந்த மழையிலும் குளிரிலும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டுமென்று பத்திரகாளி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். எங்கள் பக்கம் சுகம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட முடியாது, ஆனால் அழுகிற நிலைமையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் இதைப் பிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஃபோன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் கதைத்தால் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு காது கொடுக்கிறார், நீயும் பாதியில் குரல் உடைந்து இப்போதே டிக்கெட் போடுகிறேன் என்கிறாய், பிறகு சொல்ல வந்ததைச் சொல்லாமலே நான் ஃபோனை வைத்துவிடுகிறேன். உன்னோடு படித்த இராகுலன் லீவு முடிந்து வரும் கிழமை நோர்வேக்குத் திரும்புகிறான், மிளகாய்த்தூளோடு இதையும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அந்த மெசினோடுதான் இருக்கிறார். ஒரு மனிசனின் இரத்தம் முழுவதும் வெளியே வந்து, கழுவப்பட்டு, திரும்ப உள்ளே போகிறது, அவர் என்னடாவென்றால் படுத்தபடியே பக்கத்துக் கட்டில்காரரோடு படகு இன்ஜின் கதை கதைக்கிறார். அதைத் தாங்குகிறவரால் தாங்க முடியாதது தாகம் ஒன்றுதான். டொக்டர்மார் அளந்து விட்ட ஒரு நாளைக்குரிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு போத்தலில் ஊற்றி வைத்துவிடுவோம், பிள்ளைகள் ஐஸ்கிரீமை மிச்சம் பிடிப்பதுபோல அவர் அதை மிச்சம் பிடித்துப் பிடித்துக் குடிக்கிறார். என் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு வந்த அன்று நான் அதிசயித்துப் போய் நின்றதை உனக்குச் சொல்லவில்லையே. எங்கள் கலியாணத்துக்குச் சாதகம் பார்த்தபோது அரைப் பொருத்தம்தான் என்று பெரியமாமா முகத்தைச் சுளித்தவர். இப்போது இரத்தம், திசு எல்லாம் பார்த்துவிட்டு டொக்டர்மார் நல்ல பொருத்தம் என்கிறார்கள். ஒரே தடை என் நிறை. அது குறையாமல் என் உடம்பில் கை வைக்கமாட்டோம் என்று ஒப்பரேசன் செய்கிற கண்டி ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் நீ உன்னுடையதைத் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய், நான் கூடாது என்று நிற்கிறேன். உனக்கு இனித்தான் பிள்ளை குட்டி, இனித்தான் வாழ்க்கை. ஆகவே மகன், நான் மெலியாவிட்டால் நீ வெட்டுப்படுவாய் என்ற பயத்தோடுதான் இந்த வீட்டில் ஒவ்வொரு பிடி சோறும் எனக்குள் போனது.

கலோரி எண்ணுவதற்கென்று நீ ஃபோனில் போட்டுத் தந்த ஆப்பைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன். அதற்குச் சொதியைத் தெரியாது. பிட்டைத் தெரியும், ஆனால் மூன்று விதமாகத் தெரியும், எதை அமத்துவதென்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சமையல் எப்போதும் தேங்காய்க் கணக்குத்தானே, இன்றைக்கு ஒரு தேங்காய், ஆட்கள் வந்தால் இரண்டு. அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் காலை பிட்டுக்கும் சம்பலுக்குமாகத் திருவியதை அப்படியே தேங்காய் ஒன்று என்று பதிந்துவிட்டேன். உடனே ஆப் சிவத்துப் போய், இன்றைக்கு உனக்கு இனி ஒன்றுமில்லை என்கிற மாதிரி நின்றது. சரி, படித்த சாமான் சொல்கிறது என்று பொழுதுபடும்வரை வெறும் பிளேன்டீயோடு கிடந்தேன். கோயிலில் தீபம் காட்டுகிற நேரம் தலை சுற்றி முன்னுக்கு நின்ற மனுசியின் சீலையைப் பிடித்துவிட்டேன். உன் தங்கச்சி ஜெயரூபி ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சிரிக்கிறாள், அம்மா, வீட்டில அஞ்சு பேருக்குத் திருவின தேங்காயை நீங்க தனியச் சாப்பிட்டதா எழுதியிருக்கிறீங்களே என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சிரட்டைக்குள் ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க உயிர் வாழ்கிற சக்தி அடங்கிக் கிடக்கிறது என்று இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன், மரத்தில் குலை குலையாகத் தொங்குவதை அண்ணாந்து பார்த்தபடி முற்றத்தில் கனநேரம் நின்றேன்.

பிறகு நீ அனுப்பிய சின்னத் தராசு. நல்ல சாமான்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் கலியாண வீட்டுக்குத் தராசையும் கொண்டு போகவா, கோயில் அன்னதானத்தில் வரிசையில் இருந்துகொண்டு நிறுக்கவா. பக்கத்து வீட்டு றிஷானா கேக் அடிக்கக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். கிளினிக்கில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கிற மிஸ்ஸி, கிண்ணியாப் பிள்ளை, உம்மு குல்சும் என்று பெயர், என் புலம்பலைக் கேட்டுவிட்டு, அன்ரி, உங்கட கையைக் காட்டுங்கோ என்றாள். பொத்திப் பிடிச்சா அந்த அளவு சோறு, விரல் இல்லாத உள்ளங்கை அளவு மீன், ரெண்டு கையும் ஏந்திற அளவு இலைக்கறி, பெருவிரல் அளவு சம்பல், அவ்வளவுதான், உங்களால எந்த முறையை நாளைக்கும் செய்ய ஏலுமோ அதுதான் உங்களுக்குச் சரியான முறை என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கையைப் பொத்தியும் விரித்தும் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரிய ஆளுக்குப் பெரிய கை, பெரிய பசி. குழந்தைக்குச் சின்னக் கை, சின்னப் பசி. படைத்தவன் அளவுப் பாத்திரத்தையும் கூடவே கொடுத்தல்லவா அனுப்பியிருக்கிறான். அன்றைக்கே கைதான் என் முறை என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஆனால் நிறை அசையவேயில்லை, மகன். சோறு பொத்திய கையளவுதான், மீன் உள்ளங்கையளவுதான், பின்னேரம் உள்துறைமுக வீதியில் மூச்சு வாங்க வாங்க நடையும் நடந்தேன், கிளினிக் தராசில் ஏறி நின்றால் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது. இந்த முறையும் குறையாவிட்டால் கண்டிக்குப் போவது தள்ளிப்போகும் என்று சொன்னார்கள். நீயும் அதே கிழமைதான் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று மெசேஜ் போட்டாய். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பிறகு அழுது முடித்து, எல்லோரும் சாப்பிட்டு எழும்பிவிட்டார்கள்தானே என்று மீன் சட்டியை இழுத்து, அடியில் வற்றிக் கிடந்த குழம்புக்குள் பானையில் மிஞ்சிய சோற்றைப் போட்டுப் பிரட்டினேன். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இஞ்சரும், இந்தச் சட்டிச் சோறு எந்தக் கையில சேர்த்தி என்று கேட்டார். சாப்பாட்டுக் கோப்பையில் போட்டதுதான் சாப்பாடு, சட்டியில் வழிப்பது சட்டி கழுவுவதற்கு முன் செய்கிற வேலை என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் செய்ததை ஒரு நாள்கூட எண்ணவில்லை. அப்பா சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. நாளையில இருந்து நீர் என்னோட இருந்து சாப்பிடும், சட்டியை நான் கழுவிறன் என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் எனக்கு முதல் கோப்பையில் சோறு விழுவது இப்போதுதான், அதுவும் அவர் கையால். அவர் தன் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மிடறாகக் குடிக்கிறார், நான் என் கையளவை ஆறுதலாக மெல்லுகிறேன், யாரும் யாரையும் பார்த்துப் பாவம் என்று சொல்வதில்லை. சட்டியைக் கழுவுகிறேன் என்று அவர் குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்கும்போதுதான் எனக்குத் தாங்காது. ஆனால் முள் இறங்கத் தொடங்கிவிட்டது. இறங்க இறங்க எனக்கு என் உடம்பின்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது, கொடுக்காததைக் கேட்காமல் தன்னிடம் இருந்ததையே எடுத்து எரித்துக்கொண்டு என்னை நடக்க வைக்கிறதே.

போன கிழமை கண்டிக்குப் போனோம். நிறை சரி, புரட்டாதியில் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓம், மகன், உன் அம்மாவினுடையதைத்தான். சிறுநீரகம் எவ்வளவு பெரிது என்று அந்தப் பெண் டொக்டரிடம் கேட்டேன். அவ தன் கையைப் பொத்திக் காட்டினா, உங்கட கையளவுதான் அம்மா என்று. நான் என் கையைப் பொத்திப் பார்த்தேன். இத்தனை மாதமும் சோறு அளந்த கை. ஒரு ஆளை மெசினிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது இவ்வளவுதானா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பி வரும்போது, சீனன்குடா தாண்டிக் கடல் தெரிந்த பிறகு, அப்பா என் பொத்திய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பயம் இல்லையென்று நான் பொய் எழுதமாட்டேன், இரண்டு பேருக்கும் பயம் இருக்கிறது.

நீயும் துஷாந்தியும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த வீட்டோடும் வாழ அம்மன் துணை நிற்கட்டும். துஷாந்தியை உன்னோடு இருந்து சாப்பிடச் சொல், சட்டியை நீ கழுவு. மறக்கவேண்டாம், ஆவணிக்குப் போட்ட லீவை மாற்றி ஐப்பசிக்கு எடு. வெட்டுப்பட வரவேண்டாம். டொக்டர்மார் இனி நல்லாத் தண்ணி குடியுங்கோ என்று சொன்ன பிறகு வந்து, பெரிய செம்பில் தளும்பத் தளும்ப ஊற்றி உன் கையால் அப்பாவுக்குக் கொடு. அவர் அதை அண்ணாந்து குடித்து முடிப்பதை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்ப்போம்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
பூரணம்