நாலாவது மைக்

அன்புத் தேனுகாவுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். சொல்லாமல் மேடையை விட்டு இறங்கியதற்குக் கோபிக்காதே.

அக்கராயன் கோயிலில் கீர்த்தனை பாதியில் கரண்ட் போனதும் நீங்கள் மூவரும் வயலின் வில்லை இறக்கிவிட்டீர்கள். நான் தொடர்ந்து வாசித்தேன். முன்வரிசைச் சனம் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தது. ஒரு பிள்ளை காதைப் பொத்தியது. ஸ்பீக்கர் இரைச்சல் அடங்கியதால், போரில் ஷெல் மிச்சம் விட்ட என் ஒற்றைக் காதுக்கும் என் வயலின் கேட்டது. சுருதி எங்கேயோ விலகி நின்றது. நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள்.

கரண்ட் வந்தபிறகு என் மைக்கைத் தொட்டுப் பார்த்தேன். சுவிட்ச் நிறுத்தியபடி இருந்தது. சவுண்ட்காரச் சியாமை ஏசாதே. அவன் சொன்னதைச் செய்கிறவன்.

முகாமில் ஒரே வயலினை நாலு பேரும் மாறி மாறி வாசித்துத் தொடங்கிய குழு இது. இனி மூன்று பேராக நடக்கட்டும். எத்தனை திருவிழாவில் இப்படி வாசித்தேனோ, நினைக்கவே உடம்பு கூசுகிறது.

யார் நிறுத்தச் சொன்னதென்று கேட்கமாட்டேன். ஒவ்வொரு கச்சேரி முடிவிலும், "இண்டைக்கும் நல்லா வாசிச்சாயடி" என்பாய். அது தவறாமல் கேட்கவேண்டுமென்றுதான் அந்த ஒற்றைக் காது உன் பக்கம் இருக்கும்படி உட்காருவேன்.

இப்படிக்கு,
உன் வலப்பக்கத்தில் இருந்தவள்