இருவர் சம்மதம்

நகரி
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். திருப்பதி மெஸ் சாப்பாட்டில் நீங்கள் இளைத்திருப்பீர்கள். போனில் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறீர்கள். காகிதத்துக்காவது யோசித்துப் பதில் எழுதுவீர்கள் என்றுதான் இது.

போன வருஷம் எவனோ நம் வீட்டுக் கேமராவுக்குள் புகுந்து, சமைத்துக்கொண்டிருந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டானே, அந்தப் பயம் எனக்கும் போகவில்லை. அதனால் நீங்கள் பிளாக்செயின் பூட்டு போட்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மணிக்கு மேல் கதவு திறக்க என் போனும் உங்கள் போனும் சம்மதிக்க வேண்டும் என்று ஏன் வைத்தீர்கள்? வியாழக்கிழமை பிச்சாட்டூரில் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். நீங்கள் மீட்டிங்கில். இருப்பது ஒரே வாசல். ஐம்பது நிமிஷம் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவுக்கு உள்ளேயே நின்றேன். அந்த விதியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் மோகனப்ரியா

திருப்பதி
9.2.2025

அன்பு பிரியா,

அத்தை தேறிவிட்டார்களா? அன்றைக்கு என் தப்புதான். ஆனால் விதி இருக்கட்டும். பூட்டு, கேமரா, விளக்கு, மோட்டார் நான்கிலும் ஒரே பதிவேட்டின் நகல் இருக்கிறது. எவனாவது ஒன்றில் புகுந்து மாற்றினால் மற்ற மூன்றும் ஒத்துக்கொள்ளாது. அதில் ஏறியதை என்னாலேயே அழிக்க முடியாது. விதியை மாற்றவும் நாம் இருவரும் சம்மதிக்க வேண்டும். நீ அங்கே தனியாக இருக்கும்வரை நான் சம்மதிக்க மாட்டேன்.

செவ்வாய் காலை 11.10க்குத் திறந்த கதவு 11.45க்குத்தான் மூடியிருக்கிறது. யார் வந்தது?

கோகுலகிருஷ்ணன்

நகரி
13.2.2025

மாமா,

வந்தது எதிர்வீட்டு யமுனா அக்கா, கறிவேப்பிலைக்கு. இனி வரமாட்டாள். "நான் வந்து போறதெல்லாம் உன் ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சிடுதாமே, இன்னாத்துக்கும்மா வம்பு" என்று சொல்லிவிட்டாள்.

முன்பு பார்த்தவன் யாரென்று தெரியாது, இப்போது தெரிகிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது. விதியை எடுக்க என் சம்மதத்தைப் போனில் அழுத்திவிட்டேன். உங்களுடையதை அனுப்புங்கள்.

மோகனப்ரியா

பிச்சாட்டூர்
2.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதினைந்து நாள் காத்திருந்தேன், பதில் இல்லை. நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவுக்கு மறுபடியும் மயக்கம் என்று தகவல் வந்தது. நான்கு முறை கதவைத் திறக்கக் கேட்டேன். உங்கள் போனிலிருந்து சம்மதம் வரவில்லை.

ஜன்னல் வழியாகத் தச்சர் நாகையாவைக் கூப்பிட்டேன். "பூட்டு எத்தினி கெட்டியா இருந்தா இன்னாம்மா, கீலு உன் பக்கம்தானே கீது" என்று கம்பி இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். பன்னிரண்டு ஸ்க்ரூ. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கீல் பக்கமாகக் கதவை இழுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா பரவாயில்லை. நான் இனி இங்கேதான் இருப்பேன். நீங்கள் வந்து கதவை மாட்டும்வரை நாகையா காவல் இருப்பார். பூட்டை யாரும் தொடவில்லை. பதிவேட்டைப் பாருங்கள், அதில் நான் இன்னும் வீட்டுக்குள்தான் இருப்பேன்.

மோகனப்ரியா