கூட்டிச் சொன்ன அங்குலங்கள்

மே 4, 2025

தென்காசியில் ஒரு வாலிபால் விடுதிக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்களாம். பேத்தி நிவேதா காகிதத்தோடு ஓடி வந்தாள். ஆட்டம் பார்ப்பார்கள். வளர்ந்து முடிக்கையில் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கணக்கும் போடுவார்கள். அப்பா உயரம், அம்மா உயரம் கூட்டி, பெண்பிள்ளைக்குப் பதின்மூன்று கழித்து, பாதி. நூற்று அறுபது சென்டிமீட்டர் வந்தால் நல்லதாம்.

இவ்வளவுதானே? நான் படித்த அஞ்சாம் வகுப்பு இதுக்குப் போதும். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். பீரோவில் இருந்த கல்யாணக் குறிப்பை எடுத்தேன். மருமகன் பாண்டிராஜ் 175. மகள் ஸ்ரீதேவி 160. கூட்டினால் 335. கழித்தால் 322. பாதி 161!

மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் 161. நிவேதா என்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் பால் கவிழ்ந்துவிட்டது. இன்றைக்கு வீட்டில் யாருக்கும் காபி இல்லை. யாருக்கும் கோபமும் இல்லை.

மே 5

இலஞ்சியில் இந்த 161-ஐ நான் சொல்லாத ஆள் கோயில் முருகன் ஒருவர்தான். சாயங்காலம் அவரிடமும் சொல்லிவிட்டேன்.

மே 9

கோச் சேக் தாவூது போன் பண்ணினார். எழுதிக் கொடுத்தது போதாதாம். அப்பா அம்மா நேரில் வரணும், அங்கேயே அளப்பார்களாம்.

கல்யாணக் குறிப்பை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அந்த 160 நான் எழுதச் சொன்னதுதானே? பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கொண்டையை உச்சியில் போட்டு, குதிகால் செருப்பும் மாட்டி நிற்க வைத்தது நான்தானே? சம்பந்தி சங்கரேஸ்வரி முன்னால் மானம் போகும். சரி, போகட்டும். புள்ளைக்கு இடம் போயிருமே — பொய் சொன்னது நானு, வாடப்போறது அவளா?

மே 12

மைதானத்துக்கு எல்லோரும் போனோம், சம்பந்தி உள்பட. ஸ்ரீதேவி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். 154. நான் தரையைப் பார்த்தேன். சம்பந்தியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சும்மா இருக்கிற ஆளில்லையே என்று நிமிர்ந்தால், அவளும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து மருமகன் நின்றார். 168.

"என்ன மதினி, ஒங்க மவன் கல்யாணத்துக்கு அப்புறம் ஏழு சென்டிமீட்டர் கொறஞ்சிட்டாவளே" என்றேன்.

"ஒங்க மவகிட்ட குனிஞ்சு குனிஞ்சு பேசியே கொறஞ்சிட்டான் மதினி."

இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கண்ணைத் துடைத்த பிறகுதான் நிவேதாவைப் பார்த்தேன். கோச் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். 154 அரை. பிள்ளை பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். "என்னையும் அளங்க தம்பி."

"கணக்குல ஆச்சிக்கு எடம் இல்லையே."

"கணக்குல இல்லாட்டா போவுது. இவ காலையும் என் காலையும் பாருங்க."

அளந்தார். அறுபத்தாறு வயதில் 167. மருமகனுக்கு ஒன்றுதான் குறைச்சல். ஸ்ரீதேவி உயரத்தில் அவ அப்பாவைக் கொண்டுவிட்டாள், நான் என்ன செய்ய? பனைமரம் என்று மாமியார் வீட்டில் கேலி பண்ணிப் பண்ணி, இத்தனை வருஷம் கூனித்தான் நடந்திருக்கிறேன். இன்றைக்கு நிமிர்ந்த நிமிர்வில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

கோச் சிரித்துவிட்டு, கணக்கு எட்டரை சென்டிமீட்டர் கூடவும் வரும், குறையவும் வரும், ஆட்டத்தைப் பார்ப்போம் என்றார். நிவேதா எழும்பி அடித்த அடியில் எதிர்ப்பக்கப் பிள்ளைகள் விலகி நின்றார்கள். 167-ஐத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன்.

பத்து நாளில் சொல்வார்களாம்.

மே 16

குற்றாலத்தில் தண்ணீர் இல்லை. கோச்சிடமிருந்து போனும் இல்லை.

ஜூன் 1

மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குக் காலையில் நிவேதாவை விடுதியில் விடணும். அங்கே போடச் சொன்ன டிராக் பேண்ட் இரண்டும் நீளம். வெட்ட வேண்டாம் என்று, அடியில் நாலு விரல் உள்ளே மடித்து, இழுத்தால் பிரிகிற மாதிரி பெரிய தையலாகப் போட்டேன். சங்கரேஸ்வரி வந்து விரித்துப் பார்த்தாள். நாலு விரல் எந்த மூலைக்கு, பெரிய அளவா வாங்கி ஆறு விரல் மடிங்க மதினி என்கிறாள்.

மாற்றி வாங்க மருமகன் கடைக்குப் போயிருக்கிறார். ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.