கேட்கவில்லை, கெசியா

ஏலிம் பள்ளத்தாக்கு, ஐடஹோ
செப்டம்பர் 6

அன்புள்ள பிரிசில்லா அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டன்மோர் ஊர்த் தீவனக்கடை லோமன் அதைக் காலி முட்டைக்கூடையின் அடியில் வைத்துத் தந்தார். "உங்கக்கா எழுத்து, கோழி கிளறின மாதிரியே இருக்கு" என்றார். சிரிப்பு வந்தது. பதில் சொல்லத்தான் வரவில்லை. உனக்குத் தெரியுமே, எனக்குக் காகிதத்தில்தான் வாய்.

நீ போன பிறகு சாலையில் இரும்புக் கேட் போட்டுவிட்டார்கள். சபை ஆண்கள் முறை வைத்துத் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். நவம்பர் தேர்தலில் டன்மோர் ஊர்க்காரர்களின் கட்சி ஜெயித்தால் நம் நிலத்தையும் குழந்தைகளையும் பறித்துக்கொள்வார்களாம். கோல்வின் போதகர் வாராவாரம் சொல்கிறார். என்னை ஏழாம் வகுப்போடு நிறுத்தியதற்கும் அதுதானே காரணம். ஏசா அண்ணனுக்கு இப்போது சொந்தத் துப்பாக்கி. சாப்பாட்டு மேசையிலும் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அம்மா இருந்திருந்தால் கரண்டியால் ஒன்று போட்டிருப்பாள்.

ஞாயிறு ஆராதனையில் அப்பம் பிட்கும் முன் நடக்கும் தோள்சாட்சி மாறவில்லை. நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது நான். வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் அண்ணன். அப்பா என் தோளைத் தொட்டு "இவள் நம்மவள்" என்கிறார். நான் அண்ணன் தோளைத் தொட்டு "இவன் நம்மவன்" என்கிறேன். உடனே போதகர், "கேக்கலை, கெசியா" என்பார். சபை முழுக்கச் சிரிக்கும். இரண்டாம் முறை சொல்வதற்குள் காது மடல் எரிந்துவிடும். அன்று அப்பா உன் தோளைத் தொடாமல் கையை மடியிலேயே வைத்திருந்தாரே, அந்தக் கை அப்போது நினைவுக்கு வரும்.

இன்னொரு விஷயம். மூன்றாம் அறுப்புப் புல் சரியாகக் காயவில்லை. போதகர் ஆண்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டதால் அப்பா ஈரத்தோடு கட்டி சபைக் கொட்டகையில் அடுக்கிவிட்டார். நேற்று கட்டுகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தேன். அடுப்புக்குள் விட்டது போல இருந்தது. "அப்பா, உள்ள சுடுது" என்றேன். "ஆறிடும். இதைப் போய் எங்கயும் பேசிட்டிருக்காத" என்றார். நான் எங்கே பேசப்போகிறேன்?

நீ அனுப்பிய புத்தகம் மாவு டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

உன் தங்கை,
கெசியா


ஸ்போக்கேன்
செப்டம்பர் 15

என் கெசியாவுக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஆனால் நீ சாப்பிடுகிறாயா, இளைத்துவிட்டாயா என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்திலாவது எழுது.

அந்தப் புல்லை விடாதே, ஈரக்கட்டு உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். அண்ணனிடமாவது சொல். கட்டுகளைப் பிரித்து வெளியே பரப்பச் சொல்.

நான் வேலை செய்யும் ரொட்டிக்கடையில் நேற்று நம் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தக் கிறுக்கனுங்களை ஒரு வேலி போட்டு அடைச்சுடணும். பல்லு விளக்கவாவது தெரியுமா அதுங்களுக்கு?" என்றாள் என்னோடு மாவு பிசைபவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எங்கிருந்து வந்தவள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வா.

உன் அக்கா,
பிரிசில்லா


ஏலிம் பள்ளத்தாக்கு
செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

நன்றாகச் சாப்பிடுகிறேன். முதலில் இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

கொட்டகை எரிந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே கட்டியிருந்த பசுக்கள் போய்விட்டன. அவை கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கு முன் சில நாட்களாகவே அந்தப் பக்கம் போனால் சர்க்கரை கருகும் வாசனை வரும். அப்பாவிடம் மறுபடி சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். அண்ணனிடம் சொல்லப் போனேன். அவன் காவல் முறையில் இருந்தான். கூட நாலு பேர் நின்றார்கள். வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

சாம்பல் புகைந்துகொண்டிருக்கும்போதே போதகர் அதன்மேல் ஏறி நின்றார்.

"இது யார் கைவேலைன்னு நான் சொல்லணுமா?"

"வேணாம்" என்று கத்தினார்கள்.

"வாசல்ல அந்தக் கட்சிப் பலகையை நட்டு வச்சிருக்கிறவன் யாரு? நம்ம காசுலயே தின்னுட்டு நம்மளையே எரிக்கிறவன் யாரு?"

லோமன் பெயரை முதலில் கத்தியது நம் அண்ணன். பள்ளிக்கூடக் காலத்தில் அந்தக் கடையில் மூட்டை தூக்கியவன். லோமன் கொடுத்த பூட்ஸைத்தான் இன்னும் போட்டிருக்கிறான். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கையும் மற்றவர்கள் கையோடு மேலே போனது.

அக்கா, தீயைவிட அந்தக் கைதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஊர்க்காரர்களும் சும்மா இல்லை. பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் பெட்ரோல் கிடையாது என்று பங்க்கில் எழுதிப் போட்டுவிட்டார்கள். வில்மா அத்தையின் கார்மேல் கல் விழுந்து அவர் குழந்தையின் கன்னம் கிழிந்தது. அந்தக் குழந்தையை மேடையில் தூக்கிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு புல் சூட்டைப் பற்றி யார் கேட்பார்கள்?

இனிமேல் கடைக்குப் போகக் கூடாதாம். கடைசியாகப் போனபோது லோமன் கடிதங்களைச் சாலை வளைவில் இருக்கும் பழைய முட்டைப் பெட்டியில் வைப்பதாகச் சொன்னார். "உங்காளுங்க என்னைச் சுடறதுக்குள்ள முட்டைக்கூடையைத் திருப்பிக் கொடுத்துடு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

கெசியா


ஸ்போக்கேன்
அக்டோபர் 3

கெசியா கண்ணே,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். "ஏதாவது நடந்தா கூப்பிடுங்கம்மா" என்றார்கள். நடந்த பிறகு எதற்கு?

சொல்லிவிடு. சபையில் எழுந்து நின்று புல் தானாகச் சூடேறி எரிந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. எனக்குத் தெரியும், உன்னால் முடியாததைக் கேட்கிறேன். நீ சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்பதும் தெரியும். அவர்களுக்கு இப்போது தேவைப்படுவது காரணம் இல்லை, எதிரி.

அப்படியானால் வந்துவிடு. அண்ணனை அந்தக் கூட்டத்திலிருந்து இழுக்க முடிந்தால் இழுத்துக்கொண்டு வா.

உன் அக்கா


ஏலிம் பள்ளத்தாக்கு
அக்டோபர் 11, ஞாயிறு

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன்.

நேற்று அடுப்படியில் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்குச் சாயங்காலம், கொட்டகைக்குக் கடைன்னு நம்ம கணக்கு தீந்துடும். அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாளை எப்படித் தள்ளணும்னு எனக்குத்தான் தெரியும்."

"லோமன் மாடியிலதானே இருப்பாரு?" என்றேன்.

"இருக்கட்டுமே" என்றான். சொல்லும்போது அவன் வாய் கோணியது. அவனுக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்த நாலு பேருக்கு முன்னால் பயந்தவனாக இருக்க முடியாது அவனால்.

இரவு முழுக்க யோசித்தேன். எழுந்து நின்று பேச என்னால் முடியாது. அப்போதுதான் விதி நினைவுக்கு வந்தது. தோள்சாட்சி கிடைக்காதவன் மறுஞாயிறு வரை அப்பம் தொடக் கூடாது, துப்பாக்கி எடுக்கக் கூடாது, ஆண்களோடு எந்தக் காரியத்துக்கும் போகக் கூடாது. போதகரே போட்ட விதி. உனக்கு நடந்ததுதானே.

இன்று காலை அப்பா என் தோளைத் தொட்டுச் சொன்னார். என் முறை வந்தது. என் கை மடியிலேயே இருந்தது.

"கேக்கலை, கெசியா" என்றார் போதகர். சிரித்தார்கள்.

நான் வாய் திறக்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா."

பின்வரிசையில் ஒருவர், "பாப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல" என்றார். அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அண்ணன் என் காதோரம், "ஏய், சொல்லித் தொலை. என்னடி பண்ற?" என்றான். அவன் தோள் என் தோளில் இடித்தது. போதகர் இறங்கி வந்து என் முன்னால் குனிந்தார். அவர் வாயில் புதினா மிட்டாய் வாசனை.

"இவன் நம்மவனா, இல்லையா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அண்ணன் துப்பாக்கியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அவன் கூட்டாளிகள் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார்கள், அவனிடம் ஏதோ தொற்றுநோய் இருப்பது போல. அவனைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை, வெளியேறிவிட்டான். அவன் இல்லாமல் இன்று யாரும் கிளம்பவில்லை. ஆனால் தள்ளித்தான் போட்டிருக்கிறார்கள், விடவில்லை. லோமனை எச்சரித்துவிடு.

அண்ணன் இப்போது மூட்டை கட்டுகிறான். உன் முகவரியை மேசையில் வைத்தேன். கிழிக்கவில்லை, எடுத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தை அவன் கோட்டுப் பையில் வைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அப்பா என் தோளைத் தொடுவாரா என்று தெரியவில்லை. மதியத்திலிருந்து என்னோடு பேசவில்லை. என் பூட்ஸை எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டார்.

கெசியா


டன்மோர், லோமன் கடை
அக்டோபர் 17, சனி

என் கெசியாவுக்கு,

அண்ணன் என்னிடம் வந்துவிட்டான். உன் கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்தான்.

அவன் அன்று நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தபோது லோமன் வண்டியை நிறுத்தினாராம். "ஏறுடா. காலெல்லாம் கொப்புளமாக்கிட்டு யார் மேல கோபத்தைக் காட்டப் போற?" என்றாராம். அண்ணன் ஏறினான். யாருடைய கதவைத் திறக்க இருந்தானோ அவர் பக்கத்திலேயே பஸ் நிலையம் வரை உட்கார்ந்து வந்திருக்கிறான். அவர் பாதி சாண்ட்விச் கொடுத்திருக்கிறார்.

நாலு நாள் வாய் திறக்கவில்லை. உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவான். நேற்று ரொட்டிக்கடையிலிருந்து நான் கொண்டுவந்த பன்னை அடுப்பில் சூடாக்கினேன். மேலிருந்த சர்க்கரை கருகிவிட்டது. சட்டென்று நிமிர்ந்தான். "கொட்டகையில இந்த வாசம்தான் வந்துச்சு. நானும்தான் மோந்தேன்" என்றான். பிறகு பன்னைத் தொடவே இல்லை.

நீ எழுதியதை லோமனிடம் போனில் படித்தேன். "என் கடை எரிஞ்சா ஊரே வறுத்த சோள வாசனையா இருக்கும்" என்றார். ஆனால் மாடியைக் காலி செய்துவிட்டுத் தன் தங்கை வீட்டில் படுத்துக்கொள்கிறார். ரொட்டிக்கடையில் நான் எங்கிருந்து வந்தவள் என்று சொல்லிவிட்டு விடுப்பு எடுத்தேன். மாவு பிசைபவள் தன் மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் வந்த பிறகு உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் முட்டைப் பெட்டியில் அப்படியே கிடக்கின்றன. இன்று நானே போய்ப் பார்த்தேன். மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. இதையும் அங்கேதான் வைக்கப் போகிறேன். வேறு வழி தெரியவில்லை.

நாளை ஆராதனை நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பேன். தனியாகப் போகாதே என்று லோமன் தடுத்தார். அண்ணன் என்னோடு பஸ் ஏறி வந்திருக்கிறான். கடை வாசலில் பூட்ஸுக்கு மெழுகு தடவிக்கொண்டிருக்கிறான். இன்னொரு ஜோடியும் வாங்கி வைத்திருக்கிறான். உன் கால் அளவு.

அப்பா தோளைத் தொடுவாரோ மாட்டாரோ, நீ அதற்காகக் காத்திருக்காதே. கேட்டிலிருந்து ஆராதனைக் கூடம் தூரமில்லை. எனக்குத் தொண்டை பெரிது, போதகருக்கே தெரியும். நம்மவள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தை எனக்கு வேண்டாம். கெசியா என்று கூப்பிடுவேன்.

கேட்டால் வா. செருப்பில்லாமல் வா.

பிரிசில்லா